ராத்திரி 11 மணிக்கும் தூங்காத குழந்தை.. தூக்கமே இல்லாத அம்மா! குழித்துறை வீடு ஒன்றின் தூக்கக் கணக்கு

ராத்திரி மணி 10.45. குழித்துறையில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டால், பின்னணியில் மூன்றரை வயது மருமகனின் சத்தம் கேட்கிறது. அஞ்சு மாசக் கைக்குழந்தை ஒரு பக்கம் அழுகிறது.

"இன்னும் ஒறங்கலியா?" என்று கேட்டேன்.

"எங்க ஒறங்க? அப்பன் விளிக்கட்டும்னு உக்காந்திருக்கான் மக்கா. ஒறங்கச் சொன்னா கேக்க மாட்டேங்கான். நான் என்ன செய்ய?"

அத்தான் சவுதியில் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து ரூமுக்கு வந்து போனை எடுக்கும்போது அங்கே ராத்திரி 8 மணி. இந்திய நேரம் அதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதாவது இங்கே 10.30. அப்பா முகத்தைப் பார்க்காமல் மகன் படுக்க மாட்டான். பார்த்துவிட்டால் சந்தோஷத்தில் தூக்கம் போய்விடும். கண் மூட 11.15 ஆகிவிடும். காலையில் 6.45-க்கு எழுப்பினால்தான் ஸ்கூல் வேனைப் பிடிக்க முடியும்.

குமரி மாவட்டத்தில் வளைகுடா வேலைக்கு ஆள் போன வீடுகள் ஏராளம். அந்த வீடுகளில் எல்லாம் இந்தக் கதை பழக்கமானதுதான். வளைகுடாவுக்குப் போகாத வீடுகளிலும் டிவி, செல்போன், லேட்டாக வரும் அப்பா, லேட்டாக முடியும் சமையல் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் தேவை? அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? பெற்றோரின் தூக்கத்துக்கு என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த வயதுக்கு எத்தனை மணி நேரம்?

உலக சுகாதார அமைப்பு 2019 ஏப்ரலில், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பகல் தூக்கத்தையும் சேர்த்து, 24 மணி நேரத்துக்கான கணக்கு இது:

- பிறந்தது முதல் 3 மாதம் வரை: 14 முதல் 17 மணி நேரம்
- 4 முதல் 11 மாதம் வரை: 12 முதல் 16 மணி நேரம்
- 1 முதல் 2 வயது வரை: 11 முதல் 14 மணி நேரம்
- 3 முதல் 4 வயது வரை: 10 முதல் 13 மணி நேரம்

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்கிறது அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம்.

இப்போது அக்கா மகன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராத்திரி 11.15 முதல் காலை 6.45 வரை ஏழரை மணி நேரம். மத்தியானம் ஒரு மணி நேரம். மொத்தம் எட்டரை. குறைந்தபட்சத் தேவையே 10 மணி நேரம். தினமும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. வாரத்தில் 5 ஸ்கூல் நாளுக்கு ஏழரை மணி நேரம். அதாவது, அவன் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கும் அளவு தூக்கம் வாரா வாரம் காணாமல் போகிறது!

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்?

பெரியவர்களுக்குத் தூக்கம் போதாவிட்டால் சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் நேர் எதிர். ஓடுவார்கள், பொருளைத் தூக்கி எறிவார்கள், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உருண்டு புரண்டு அழுவார்கள். "இவனுக்கு எனர்ஜி ஜாஸ்தி" என்று நாமும் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது களைப்பு.

ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. பகலில் கற்ற சொற்களையும் அனுபவங்களையும் மூளை அடுக்கிவைப்பதும் தூக்கத்தில்தான். தொடர்ந்து குறைவாகத் தூங்கும் குழந்தைகளுக்குக் கவனக்குறைவு, எரிச்சல், உடல் பருமன் போன்ற பிரச்னைகள் அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆசியக் குழந்தைகள் லேட்டாகத்தான் தூங்குகிறார்களா?

ஆமாம். 17 நாடுகள் மற்றும் பகுதிகளில், 3 வயது வரையிலான 29,287 குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. இந்தியாவும் அதில் உண்டு. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.28-க்கே படுத்துவிடுகிறார்கள். ஹாங்காங் குழந்தைகள் படுப்பது 10.17-க்கு. நியூசிலாந்தில் மொத்தத் தூக்கம் 13.3 மணி நேரம், ஜப்பானில் 11.6 மணி நேரம். பொதுவாக ஆசிய நாடுகளில் குழந்தைகள் லேட்டாகப் படுக்கிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள் என்பதே முடிவு.

"நம்ம ஊர்ல ஏழரைக்கு எப்படிங்க படுக்க வைக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஏழரை கட்டாயம் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டுமோ, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6.45-க்கு எழ வேண்டிய 3 வயதுக் குழந்தை 8.45-க்குத் தூங்கினால் 10 மணி நேரம் கிடைத்துவிடும். பகல் தூக்கம் அதற்கு மேல் போனஸ்.

ஸ்கூல் நேரத்தை மாற்றிய மகாராஷ்டிரா

இதை வீட்டுப் பிரச்னையாக மட்டும் பார்க்க முடியாது. மகாராஷ்டிர ஆளுநராக இருந்த ரமேஷ் பைஸ், 2023 டிசம்பரில் ஒரு நிகழ்ச்சியில், பிள்ளைகள் நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு அதிகாலையில் ஸ்கூலுக்கு ஓடுவதால் தூக்கம் கெடுகிறது, பள்ளி நேரத்தை மாற்றுங்கள் என்றார். 2024 பிப்ரவரியில் அந்த மாநிலப் பள்ளிக் கல்வித் துறை, மழலையர் வகுப்பு முதல் 4-ம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன்பு வகுப்பு தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

பெற்றோரில் ஒரு பகுதியினர் வரவேற்றார்கள். வேன் நேரம், பெற்றோரின் ஆபீஸ் நேரம் இடிக்கிறது என்று எதிர்ப்பும் வந்தது. ஆனால் ஒரு மாநில அரசு, குழந்தைகளின் தூக்கத்தைக் காரணம் காட்டியே உத்தரவு போட்டது கவனிக்க வேண்டிய விஷயம்.

தூக்கம் எப்படி வருகிறது?

இரண்டு விஷயங்கள் சேர்ந்தால்தான் தூக்கம் வரும். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட உடலில் ஏறும் தூக்க அழுத்தம். இன்னொன்று, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, 'படுக்கலாம்' என்று உடலுக்குச் சொல்கிறது. வெளிச்சம் பட்டால் அது குறையும். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கும் செல்போன் வெளிச்சமும் இதில் சேர்த்தி.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கடிகாரம் இன்னும் தயாராகியிருக்காது. ஏறக்குறைய 2, 3 மாதங்களில்தான் இரவு, பகல் பிடிபட ஆரம்பிக்கும். அதனால் பச்சைக் குழந்தை ராத்திரி முழுக்க விழித்திருந்தால் யார் மேலும் தப்பில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். ராத்திரி பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கு போதும். பேச்சு, விளையாட்டு வேண்டாம். கடிகாரம் சீக்கிரம் செட் ஆகும்.

நடுராத்திரி ஏன் எழுந்து அழுகிறார்கள்?

எல்லோருமே ராத்திரியில் பலமுறை லேசாக விழிக்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைகளுக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் குழந்தை லேசாக விழித்து, 'எல்லாம் அப்படியே இருக்கா?' என்று பார்க்கும். இருந்தால் திரும்பத் தூங்கிவிடும். மாறியிருந்தால் அழும்.

தொட்டில் ஆடும்போது தூங்கிய குழந்தை, ஆடாத தொட்டிலில் விழித்தால் ஆட்டச் சொல்லி அழுகிறது. மடியில் தூங்கிய குழந்தை, பாயில் விழித்தால் மடியைத் தேடுகிறது. தூக்கம் எந்தச் சூழலில் வந்ததோ, அதே சூழலைத்தான் குழந்தை கேட்கிறது. அதனால் 5, 6 மாதத்துக்குப் பிறகு, கண் சொக்கி, ஆனால் முழுசாகத் தூங்கிவிடாத நேரத்தில் படுக்கையில் விட்டுப் பழக்குங்கள். ஒரே நாளில் நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் நடந்தாலே வெற்றிதான்.

பால்வெட்டு வீடுகள் சொல்லும் பாடம்

குழித்துறையிலிருந்து அருமனை, குலசேகரம் பக்கம் போனால் ரப்பர் தோட்டங்கள். பால்வெட்டுத் தொழிலாளிகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு வெகுநேரம் முன்பே மரத்தடியில் நிற்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் வேலையை நேரம் மாற்ற முடியாது.

3 மணிக்கு எழ வேண்டும் என்பதால் அந்த வீடுகளில் பலதிலும் ராத்திரி 8 மணிக்கே விளக்கு அணைந்துவிடும். குழந்தையும் அதோடு தூங்கிவிடும். ஆனால் சிக்கல் விடியற்காலையில். அம்மா பக்கத்தில் தூங்கிய குழந்தை, விழித்துப் பார்த்தால் அம்மா இல்லை. அழுகை வீட்டையே எழுப்பிவிடும்.

அக்கா வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம். அவர்கள் செய்தது சின்ன விஷயம்தான். முதலிலிருந்தே குழந்தையை ஆச்சி பக்கத்தில் படுக்க வைத்தார்கள். கண் மூடும்போது பார்த்த அதே முகம், 3 மணிக்கு விழிக்கும்போதும் பக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன விஞ்ஞானத்தை அந்த ஆச்சி படித்ததில்லை. ஆனால் சரியாகச் செய்திருக்கிறார்.

தொட்டில் கட்டலாமா?

குமரி மாவட்டத்தில் 'உறங்கு' என்றுதான் சொல்வார்கள். 'தூங்கு' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தொங்குதல், ஊசலாடுதல் என்றுதான் பொருள். தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தொங்கி ஆடும் தொட்டில் நமக்கு அவ்வளவு பழக்கமானது. ஆனால் சில எச்சரிக்கைகள் அவசியம்.

சேலைத் தொட்டிலில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் இடிக்கும்படி கிடந்தால் மூச்சுவிடச் சிரமப்படலாம். துணி முகத்தை மூடவும் வாய்ப்பு உண்டு. நீண்ட நேரத் தூக்கத்துக்குக் கெட்டியான, சமதளமான படுக்கைதான் பாதுகாப்பு என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. தொட்டிலில் ஆட்டித் தூங்க வைத்தாலும், தூங்கியதும் பாய்க்கோ மெத்தைக்கோ மாற்றிவிடுங்கள். குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ ஆரம்பித்தால் தொட்டிலை அவிழ்த்துவிடுவதே நல்லது. சேலைத் தொட்டிலில் விளையாடும்போது கழுத்து இறுகி வளர்ந்த பிள்ளைகளும் உயிரிழக்கும் செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆளில்லாத வீட்டில் தொங்கும் சேலை ஆபத்து.

ஒரு வயது வரை கவனிக்க வேண்டியவை:

- எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1991-ல் பிரிட்டனிலும், 1994-ல் அமெரிக்காவிலும் இதைப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்தில் ஏற்படும் திடீர் குழந்தை மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.
- தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.
- குழந்தை அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது. குறைந்தது முதல் 6 மாதம்.
- குடித்தவர், புகைப்பவர், தூக்கம் தரும் மாத்திரை போட்டவர் பக்கத்தில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. சோபாவில் குழந்தையோடு சேர்ந்து தூங்குவதும் ஆபத்து.
- கொசுவுக்கு வலைதான் நல்லது. மூடிய அறையில் கொசுவர்த்திப் புகை வேண்டாம்.

சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடுமே..?

இதைச் செய்யவே செய்யாதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளி சிரப்புகள் சின்னக் குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கலாம். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 'ஒரு சொட்டு பிராந்தி' வைத்தியமும் அதே அளவு ஆபத்தானது.

செல்போன் எவ்வளவு நேரம்?

2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி. 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவர்கள் தரும் ஒரே விதிவிலக்கு, உறவினர்களோடு பேசும் வீடியோ கால். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோடு பேசுவது தப்பே இல்லை. பேசும் நேரம்தான் பிரச்னை.

தாலாட்டும் ஒரு மருந்துதான்

405 அம்மாக்கள், குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. தினமும் ஒரே வரிசையில் குளியல், எண்ணெய் அல்லது லோஷன் தடவல், அமைதியான நேரம், பிறகு விளக்கணைப்பு. இவ்வளவுதான். குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் எழுவது குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் மேம்பட்டது.

நம் பாட்டிகள் தாலாட்டு பாடியதும் இதே வேலைதான். தினமும் அதே ராகம், அதே இருட்டு, அதே கை. 'இனி தூக்கம்' என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அந்த அரண்மனையில் 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி எழுதியதாகச் சொல்லப்படும் மலையாளத் தாலாட்டு இன்றும் பாடப்படுகிறது. ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் தூங்க ஒரு பாட்டு தேவைப்பட்டிருக்கிறது!

சரி, பெற்றோர் எப்போது தூங்குவது?

ஜெர்மனியில் 4,659 பெற்றோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வந்தது. குழந்தை பிறந்த முதல் 3 மாதங்களில் அம்மாக்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. முதல் குழந்தை பிறந்து 4 முதல் 6 ஆண்டுகள் ஆன பிறகும்கூட, அம்மாக்கள் சுமார் 20 நிமிடமும் அப்பாக்கள் 15 நிமிடமும் குறைவாகவே தூங்கினார்கள். "எல்லாரும் பிள்ளை பெத்து வளர்க்கலையா?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

செய்யக் கூடியவை சில:

- ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் வேலை மட்டும்தான் அம்மாவுடையது. துணி மாற்றுவது, தட்டிக் கொடுப்பது அப்பாவோ பாட்டியோ செய்யலாம். தொடர்ந்து 4, 5 மணி நேரம் தூங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.
- குழந்தை பகலில் தூங்கும்போது பாத்திரம் கழுவ ஓடாதீர்கள். படுங்கள்.
- மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்து சுமார் 5 மணி நேரம் கழித்தும் அந்த கஃபீனில் பாதி உடலில் இருக்கும்.
- குழந்தை தூங்கிய பிறகு 'எனக்கான நேரம்' என்று நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்ப்பது, நாளைய தூக்கத்தை இன்றே கடன் வாங்குவது மாதிரி.

பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, வெறுமை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராத நிலை தொடர்ந்தால், அது வெறும் களைப்பாக இல்லாமல் இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

- தினமும் சத்தமாகக் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, எப்போதும் வாயால் மூச்சுவிடுவது. டான்சில், அடினாய்டு வீக்கம் காரணமாக இருக்கலாம்.
- போதிய நேரம் தூங்கியும் பகல் முழுக்க மந்தமாக இருப்பது.
- படுத்ததும் கால்களை ஓயாமல் உதைத்துக்கொண்டே இருப்பது. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.
- எடையோ வளர்ச்சியோ சரியாக இல்லாதது.

குழித்துறைப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் குழித்துறை அரசு மருத்துவமனையை அணுகலாம். தேவைப்பட்டால் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள்.

அக்கா வீட்டில் என்ன நடந்தது?

எழுதுவதற்காகப் படித்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். "படிப்பு எல்லாம் சரிதான், அப்பன் முகத்தைப் பாக்காம பிள்ளையை எப்படி உறக்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் அத்தானிடமிருந்துதான் வந்தது. "நான் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழும்புவேன். அப்ப அங்க ஏழரை. வேனுக்கு முன்னாடி பேசுதேன்" என்றார்.

இப்போது மருமகன் யூனிபார்ம் போட்டுக்கொண்டே அப்பாவிடம் பேசுகிறான். வெள்ளிக்கிழமை அத்தானுக்கு லீவு, அன்று சாயங்காலம் நீண்ட கால். ராத்திரி 8 மணிக்குப் பிறகு வீட்டில் டிவி கிடையாது. குளியல், கதை, விளக்கணைப்பு. முதல் வாரம் "அப்பா விளிப்பாவ" என்று அழுதான். "காலத்த விளிப்பாவ, ஒறங்கு மக்களே" என்று அக்கா தினமும் ஒரே பதிலைச் சொன்னாள். இரண்டு வாரம் ஆனது. இப்போது பெரும்பாலான நாள் 9 மணிக்குள் தூங்கிவிடுகிறான்.

எல்லா நாளும் இல்லை. ஆடி அமாவாசையை ஒட்டி குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும்போது ராட்டினத்தை விட்டு எந்தப் பிள்ளை 9 மணிக்கு வீட்டுக்கு வரும்? கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு என்று லேட் ஆகும் நாட்கள் இருக்கத்தான் செய்யும். மறுநாள் எழுப்பும் நேரத்தை மட்டும் ரொம்பத் தள்ளாமல் இருந்தால், இரண்டு மூன்று நாளில் பழைய வரிசைக்குத் திரும்பிவிடலாம்.

கைக்குழந்தை இன்னும் 1 மணிக்கும் 4 மணிக்கும் எழுகிறது. அக்கா இன்னும் முழுசாகத் தூங்கவில்லை. ஆனால் போன வாரம் ராத்திரி 10 மணிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. பயந்துபோய் மறுநாள் காலையில் கேட்டால், "உறங்கிட்டேன் மக்கா" என்றாள்.